நாற்பதாயிரத்து ஒன்றாவது அழைப்பு

அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஆவடி மார்க்கெட் அருகே உள்ள ஜெகதாம்பாள் பிரிண்டர்ஸில் ஆறு பேர் இருந்தோம். கல்லாவுக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் அச்சகத்தின் உரிமையாளர் ரேணுகா. அவருக்கு இடப்பக்கம், கம்ப்யூட்டருக்கு முன்னால், பத்திரிகைகளை வடிவமைக்கும் சஹர். பூந்தமல்லியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள், இருபத்தாறு வயது. அன்றைக்குத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கம்ப்யூட்டரை இன்னும் போடவில்லை. கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளின் மேல் ரேணுகாவின் தம்பி எழில். மெஷின்கள் எல்லாம் அவர் பொறுப்பு. வாடிக்கையாளர்களுக்கென்று போட்டிருக்கும் இரண்டு நாற்காலிகளில், ஃபேனுக்கு நேர் கீழே இருந்ததில் கஸ்தூரியம்மா. இன்னொன்றில் ஆள் இல்லை, தாம்பாளம் இருந்தது. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு வேட்டி, எல்லாவற்றுக்கும் மேலே மூலைகளில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கஸ்தூரியம்மாவின் கணவர் ஜம்புலிங்கம் நின்றார். வாசலை ஒட்டிய புரூஃப் மேசையில் நான்.

பத்திரிகைக்கு மேட்டர் எழுதுவது, பிழை பார்ப்பது, அச்சகத்தின் பெயரில் போகும் கடிதங்களை எழுதுவது, இவை என் வேலை. பதினேழு வருடமாகச் செய்கிறேன்.

கஸ்தூரியம்மாதான் ஆரம்பித்தார்.

"தட்டு திரும்பி வந்துடுச்சு" என்றார் ரேணுகாவைப் பார்த்து. "எங்க வம்சத்துல தாய்மாமன் ஊட்டுக்குப் போன தட்டு திரும்பி வந்ததே கிடையாது."

நடந்தது இதுதான். கஸ்தூரியம்மாவின் மகள் சௌம்யாவுக்குக் கல்யாணம். இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. பத்திரிகை எங்களிடம் அச்சாகி செவ்வாய்க்கிழமை கைக்குப் போனது. முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது பெண்ணின் தாய்மாமனுக்கு. அவர் வீட்டுக்கு நேரில் போய், தட்டு வைத்து, கூப்பிட்டுவிட்டு வந்த பிறகுதான் மற்ற எவருக்கும். இவர்களுக்கு என்றில்லை, எங்களிடம் வருகிற பெரும்பாலான வீடுகளில் இதுதான் வரிசை. நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை மாங்காட்டுக்குப் போவதென்று கணவனும் மனைவியும் முடிவு செய்திருந்தார்கள். அங்கே கஸ்தூரியம்மாவின் அண்ணன் வேலுசாமி ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அச்சகத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் சௌம்யாவின் பத்திரிகை வந்துவிட்டது. முதல் பிரதியின் நான்கு மூலைக்கும் எழில் மஞ்சள் தடவுவதை சஹர் பக்கத்தில் நின்று படம் பிடித்து, பின்னால் நாதஸ்வரம் சேர்த்திருந்தாள். பதினெட்டு விநாடி. அழகாகத்தான் இருந்தது. பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி, திருவேற்காட்டு மண்டபம், எல்லாமே படிக்கிற மாதிரி இருந்தன. எங்கள் பக்கத்தில் எதையும் முந்நூறு நானூறு பேருக்கு மேல் பார்த்ததில்லை. இதை மூன்று நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஏன் என்று சஹருக்கே தெரியவில்லை.

"வியாழக்கிழமை எங்கண்ணன் கடைக்கு ஒரு பிளம்பர் வந்திருக்கான்" என்றார் கஸ்தூரியம்மா. "டேப்பு வாங்க வந்தவன். 'இன்னா அண்ணாத்தே, தங்கச்சி பொண்ணு கல்யாணத்த சொல்லவே இல்ல?'ன்னு போன காட்டியிருக்கான். கடையில நாலு பேர் நிக்கறாங்க. எங்கண்ணன் தேதியே அவங்கிட்டதான் தெரிஞ்சுகிட்டாரு."

"அப்புறம் நேத்து நாங்க தட்டு எடுத்துக்கினு போனோம்" என்றார் ஜம்புலிங்கம். "மச்சான் எழுந்தே வரல. 'நாப்பதாயிரம் பேர கூப்ட்டுட்டு நாப்பதாயிரத்து ஒண்ணாவது ஆளா என்கிட்ட வந்தியா மாப்ள? எடுத்துக்கினு போ'ன்னுட்டாரு. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. போன எடுக்க மாட்டேங்கறாரு. குடும்ப குரூப்புல இருந்தும் வெளிய போயிட்டாரு."

எழில் காகிதக் கட்டிலிருந்து இறங்கினார். "எங்க அக்கா பொண்ணுக்கு நான்தான் மாமன். என்ன இந்த மாதிரி பண்ணியிருந்தா நானும் போயிருக்க மாட்டேன்."

"நீ சும்மா இருடா" என்றார் ரேணுகா.

"இல்லக்கா, மஞ்ச தடவனது என் கை. படத்துல என் மூஞ்சி வேற தெரியுது. மாமன்னு இருக்கறவன் எவனாச்சும் என்ன பாத்தா வெட்டுவான்."

"முதுகுதான் தெரியுது" என்றாள் சஹர், திரும்பாமலே. அழுதிருந்தாள் என்று குரலில் தெரிந்தது.

ஜம்புலிங்கம் குரலை உயர்த்தினார். "எங்கள ஒரு வார்த்த கேக்காம நீங்க எப்படிம்மா போடலாம்?"

சஹர் நாற்காலியோடு திரும்பினாள். அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நானும் அவரைப் பார்த்தேன். அவர் தாம்பாளத்தைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை பெட்டிகளை வாங்க வந்தவர் அவர் மட்டும்தான். சஹர் போனை நீட்டி, "அங்கிள், நம்ம பேஜ்ல போட்டுக்கவா?" என்று கேட்டாள். அவர் இரண்டு தடவை பார்த்தார். "போடும்மா, போடு. பெருமைதான! எங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டு ஆளுங்கல்லாம் பாக்கட்டும்" என்றார். என் மேசைக்கும் அவர் நின்ற இடத்துக்கும் நடுவே நான்கடிகூட இருக்காது.

அப்போது கஸ்தூரியம்மாவின் போன் அடித்தது. மகள்தான். "இரும்மா, இங்க மெஷின் சத்தம்" என்று எழுந்து வாசலுக்குப் போனார். மெஷின் எதுவும் ஓடவில்லை. ஜம்புலிங்கம் உடனே என் மேசைக்கு வந்து குனிந்தார்.

"மேடம், நீங்கதான லெட்டர் எழுதறவங்க? எங்களுக்குத் தெரியாம போட்டுட்டோம்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. அச்சாபீஸ் லெட்டர்ஹெட்ல. அத நான் மச்சான்கிட்ட குடுத்துடறேன். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அவரு உங்க கிட்ட வந்து சண்டையா போடப் போறாரு?"

"நீங்க சரின்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன்மா, சொன்னேன். இல்லன்னு சொல்லல. அது அவளுக்குத் தெரியாது." வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். "தெரிஞ்சா அண்ணன் வரலன்னா அதுக்கு நான்தான் காரணம்னு சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. மாமன் இல்லாம என் பொண்ண யாரும்மா கைப்பிடிச்சு மணவறைக்குக் கூட்டிக்கினு வர்றது?"

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. "மேட்டர் எழுதறேன், இருங்க" என்று மட்டும் சொன்னேன்.

நான் பேப்பர் எடுப்பதற்குள் ரேணுகா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "அந்தப் பேஜையே மூடிடலாம். எட்டு மாசமா தெனம் ஒண்ணு போடு, தெனம் ஒண்ணு போடுன்னு உயிர வாங்கினதுதான் மிச்சம். பார்வதம்க்கா, அந்த ரிஜிஸ்டர எடுங்க. இதனால நமக்கு இன்னா வந்துதுன்னு பாத்துடலாம்" என்றார் என்னைப் பார்த்து.

புதிதாக யார் பத்திரிகை அடிக்க வந்தாலும், எங்களை எப்படித் தெரியும் என்று கேட்டு ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பேன். எடுத்து எண்ணினேன். பக்கம் தொடங்கிய எட்டு மாதத்தில் அதைப் பார்த்துவிட்டு விசாரித்தவர்கள் அறுபத்து மூன்று பேர். பெரும்பாலோர் விலை மட்டும் கேட்டார்கள். வந்து அச்சடித்தவர்கள் ஒன்பது பேர். அதே எட்டு மாதத்தில், "எங்க சொந்தக்காரங்க பத்திரிகையில கடைசியில உங்க பேரு போட்டிருந்துச்சு" என்று வந்தவர்கள் நூற்றுப் பதினாறு பேர்.

"பாத்தியா?" என்றார் ரேணுகா.

"அந்த ஒம்போது பேரு யாருன்னும் படிங்க" என்றாள் சஹர்.

படித்தேன். சென்னீர்குப்பத்தில் ஒரு நிக்காஹ் பத்திரிகை. அந்த வீட்டாருக்கு இந்தப் பக்கம் உறவே கிடையாது. அம்பத்தூரில் வேலைக்கு வந்து தங்கிய இரண்டு பேர். அவர்களுக்கு வந்த பத்திரிகை எல்லாம் சொந்த ஊர் அச்சகத்தில் அடித்தவை. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒரு தெலுங்குக் குடும்பம். இன்னும் மூன்று பேரும் இதேபோல் வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஒன்பது பேரில் ஏழு பேருக்கு எங்கள் பத்திரிகையைக் கொடுத்துக் கூப்பிட இந்த ஊரில் ஒருவரும் இல்லை. நூற்றுப் பதினாறு பேர் வந்த வழியில் அந்த ஏழு பேர் வந்திருக்கவே முடியாது.

"அப்போ மூடக் கூடாதுன்றியா?" என்று ரேணுகா சஹரைக் கேட்டார்.

"எனக்குத் தெரியலக்கா. எங்க வீட்லயும் அத்தாவோட அண்ணன், பெரியத்தா, அவருக்குச் சொல்லாம மத்தவங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. எனக்குத் தெரியாத விஷயமா இது? தெரிஞ்சும் போட்டேன். நல்லா வந்திருந்துச்சு, அதனால போட்டேன்."

அவள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஒருவர் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, குடும்பத்தோடு வரவேண்டும் என்று சொல்லி, இரண்டு கையாலும் பத்திரிகையைக் கொடுக்கிறார். வாங்கியவர் படிக்கிறார். படித்து முடிக்கும் இடத்தில், எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில் எங்கள் பெயர் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை சேர்ந்துவிட்டிருக்கும். எங்கள் விளம்பரம் அதற்குப் பின்னால் வருவதால்தான் யாரையும் உறுத்தவில்லை. போனில் நாங்கள் முன்னால் போய்விட்டோம். நாற்பதாயிரம் பேருக்கு அது பதினெட்டு விநாடி; ஒரே ஒருவருக்கு மட்டும் அப்படி இல்லை. அந்த ஒருவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். என் பதிவேட்டிலும்தான்.

இதை அவர்களிடம் இத்தனை நீளமாகச் சொல்லவில்லை. "கல்யாணம் முடிஞ்ச மறுநாள் போட்டா என்ன?" என்று மட்டும் கேட்டேன்.

"சீசன் போயிடுமேக்கா. அப்ப யாரு பாப்பாங்க?" என்றாள் சஹர்.

"பாக்கறவங்க பாக்கட்டும்" என்றார் ரேணுகா. சொல்லிவிட்டு, தான் இதற்கு ஒப்புக்கொண்டோமா இல்லையா என்று தனக்கே தெரியாதவர் போல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கஸ்தூரியம்மா உள்ளே வந்தபோது நான் கடிதத்தை எழுதத் தொடங்கியிருந்தேன். நான் படித்த வந்தவாசிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி வலப்பக்கம் இடமும் தேதியும், இடப்பக்கம் அனுப்புநர், பெறுநர். என்ன எழுதுகிறேன் என்று அவர் கேட்டார். உங்கள் அண்ணனுக்கு என்றேன்.

"தபால்லயா? நல்லது. போன வெச்சிடலாம், தட்ட திருப்பலாம், தபால்காரன திருப்பி அனுப்ப முடியுமா?"

முடியும். வாங்க மறுத்தார் என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். அதை நான் சொல்லவில்லை.

"ஆனா பத்திரிகைய உள்ள வெச்சுடாதீங்க. தாய்மாமனுக்குத் தபால்ல பத்திரிகையான்னு அதுக்கு ஒரு சண்ட வரும்."

இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரிகையோ வேறு எதுவோ, எழுதினதை வாடிக்கையாளர் முன்னால் ஒருமுறை உரக்கப் படிப்போம். கண்ணுக்குத் தப்பும் தப்பு காதில் மாட்டும். வீட்டார் தலையை ஆட்டிய பிறகுதான் மேட்டர் மெஷினுக்குப் போகும். ஜம்புலிங்கத்துக்கும் அது தெரியும். பத்திரிகைக்காக மூன்று முறை உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நான் காகிதத்தை எடுத்ததும் "படிக்கல்லாம் வேணாம் மேடம், மடிச்சிடுங்க" என்றார்.

"படிக்கட்டும்" என்றார் கஸ்தூரியம்மா. "எங்கண்ணனுக்குப் போறது."

படித்தேன்.

'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். உங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் தாய்மாமன் என்ற சொல்லுக்கு அடுத்து உங்கள் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தவள் நான். உங்கள் தங்கை மகளின் பத்திரிகை உங்கள் கைக்கு வருமுன் ஊர் பார்த்துவிட்டது. அதற்கு வழி செய்தது எங்கள் அச்சகம். போடலாமா என்று திரு. ஜம்புலிங்கம் அவர்களிடம் கேட்டோம். அவர் சரி என்றார். மாமனுக்குக் கொடுத்தாகிவிட்டதா என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு வீட்டில் கல்யாணம் வருவது எப்போதோ ஒருமுறை. சந்தோஷத்தில் அவர்கள் ஒன்றை மறக்கலாம். எங்களுக்கு வாரத்துக்கு நாலு கல்யாணம். நாங்கள் மறக்கக் கூடாது...'

"நிறுத்துங்க" என்றார் கஸ்தூரியம்மா.

நிறுத்தினேன்.

"அவரு சரின்னாரா?"

எழில் கட்டிங் மெஷின் மேல் இருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தார். ஜம்புலிங்கம் தாம்பாளத்தில் ஒரு பழத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்தார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"பெருமையா இருந்துச்சு கஸ்தூரி" என்றார் அவர். "நம்ம பொண்ணு பேரு. அவ்ளோ அழகா. யாரு பாப்பாங்கன்னு நெனச்சேன், ஒரு நூறு பேரு பாப்பாங்க, என்கூட வேல செஞ்சவங்க பாப்பாங்கன்னு..."

"பாத்தாங்களே. பிளம்பர் பாத்தான். எங்கண்ணன் கடைக்கு ஆணி வாங்க வந்தவன்லாம் பாத்தான்." அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "இருவத்தெட்டு வருசமா மாப்ள மாப்ளன்னு உங்கள வாய் நெறைய கூப்டறாரு. மூணு நாள், வெறும் மூணு நாள் பொறுக்க முடியல உங்களால."

"மேடம், அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிடுங்க" என்றார் ஜம்புலிங்கம் என்னிடம். "இவளுக்குத்தான் தெரிஞ்சுபோச்சு. மச்சானுக்காவது..."

நான் கஸ்தூரியம்மாவைப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டால் எல்லாப் பழியும் அச்சகத்தின் தலையில் விழும். அண்ணன் கோபம் எங்கள்மேல் திரும்பும். ஒருவேளை அவர் கல்யாணத்துக்கும் வந்துவிடலாம். கஸ்தூரியம்மா அதைத்தான் நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அடி என்று அவர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வேணாம்" என்றார் கடைசியில். "நாளைக்கு மணவறையில எங்கண்ணன் இவரு பக்கத்துல நிக்கணும். யாரோ வாய் தவறி ஒரு வார்த்த விட்டா அங்கயே இறங்கிப் போயிடுவாரு. இப்ப வரலன்னாகூட எனக்கு இன்னும் பத்தொம்போது நாள் இருக்கு. அங்க விட்டா என்ன இருக்கு?"

ஜம்புலிங்கம் அன்றைக்கு முதன்முறையாக உட்கார்ந்தார். தாம்பாளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "பேனா குடுங்க" என்றார்.

கடிதத்தின் கீழே எனக்கும் ரேணுகாவுக்கும் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அவர் எழுதினார். தொழிற்சாலைப் பதிவேடுகளில் எழுதிப் பழகிய குண்டு குண்டான எழுத்து. 'மச்சான், சரின்னு சொன்னது நான்தான். கஸ்தூரிக்குத் தெரியாது. அவமேல கோவம் வேணாம். ஜம்பு.' எழுதிவிட்டு காகிதத்தை மனைவியிடம் நீட்டினார். கஸ்தூரியம்மா படித்தார். பேனாவை வாங்கி அதற்கும் கீழே, 'அண்ணா, புதன்கிழமை காலைல நான் மட்டும் வரேன். தட்டு எடுத்தாந்தா எடுத்துக்கோ, இல்லன்னா காப்பி குடு' என்று எழுதினார்.

"நான் மட்டும்னா?" என்றார் ஜம்புலிங்கம்.

"அவரு கூப்டட்டும். அப்புறம் நீங்க வாங்க."

சஹர் எழுந்து என் மேசைக்கு வந்தாள். "என் பேரு எங்கயும் வரலல்ல?"

"வரல. அச்சகம்னுதான் இருக்கு."

"இருந்தா, என் பேர பாத்துட்டு அது வேற மாதிரி பேச்சாயிடும்க்கா." பிறகு என்ன நினைத்தாளோ, "போடணும்னா போடுங்க" என்றாள். வேண்டாம் என்றார் ரேணுகா. அச்சகத்தில் நடந்தது அச்சகத்தின் பெயரில் போகட்டும் என்றார். பக்கத்தை மூடுவது பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஆர்டர் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னார்: 'முதல் அழைப்பு யாருக்கு, எந்தத் தேதியில்?' எழில் அப்போதே ஐம்பது படிவம் அடிக்கக் கிளம்பினார். மெஷின் சத்தத்தில், பேசிக்கொள்ள வேண்டியவர்கள் பேசாமல் இருக்க முடிந்தது.

சனிக்கிழமை தபால் அலுவலகத்தில் கவுன்டர் சீக்கிரம் மூடிவிடும் என்பதால் நானும் கஸ்தூரியம்மாவும் உடனே புறப்பட்டோம். ஜம்புலிங்கம் தாம்பாளத்தோடு ஆட்டோவில் வீட்டுக்குப் போனார். கவுன்டருக்குப் போனதும் கஸ்தூரியம்மா என் கையிலிருந்து உறையை வாங்கி, கடிதத்தை வெளியே எடுத்து, நின்றபடியே முழுவதும் இன்னொரு தடவை படித்தார். நான் அவசரப்படுத்தவில்லை, எங்களுக்குப் பின்னால் நின்றவர்தான் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"இதப் படிச்சுட்டும் வரலன்னா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா."

"சரி, ஒட்டுங்க."

அங்கிருந்த பசைக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு உறையின் வாயில் தடவி மடித்து, ஓரம் தூக்காதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். கவுன்டரில் இருந்த பெண் எடை போட்டு, மாங்காட்டு பின்கோடைச் சரிபார்த்து, போன் நம்பர் கேட்டார். பெறுநர் நம்பரா அனுப்புநர் நம்பரா என்று கேட்டேன். இரண்டும் என்றார். கஸ்தூரியம்மா அண்ணன் நம்பரைப் பார்க்காமல் சொன்னார். ஸ்பீடு போஸ்ட் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அந்தப் பெண் உறையைப் பின்னால் இருந்த கூடையில் போட்டார்.